எழுத்தாளர்களின் சின்ன வயசு, கூடப் பிறந்தவர்கள், படப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தைச் சுற்றி வரும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் வளர்ந்த பிரான்டே பிள்ளைகளின் குடும்பம் அது. அவர்களில் சார்லட், எமிலி, ஆன் மூவரும் பின்னால் பெயர்பெற்ற நாவலாசிரியர்கள் ஆனார்கள். அவர்களைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

படப் புத்தக வாழ்க்கை வரலாறு என்றால் என்ன?

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கதையைப் பெரிய படங்களோடும் குறைந்த சொற்களோடும் சொல்லும் புத்தகம். பெரும்பாலும் 32 முதல் 48 பக்கம் வரை இருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் அடைத்தால், புத்தகம் பாடநூல் மாதிரி வறண்டு போகும். அதனால் நல்ல ஆசிரியர்கள் ஒரு பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தாளர்கள் விஷயத்தில் அது அநேகமாகக் குழந்தைப் பருவமாகவே இருக்கும். மீதி விவரங்கள் கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குறிப்பாகவும் காலவரிசையாகவும் வரும்.

ஏன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை கதையாகத் தேடிப் படிக்கச் சொல்கிறீர்கள்?

“எழுத்தாளர்” என்றால் மேசை முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள்தான் பிள்ளைகள் மனதில் வருகிறார். பல பேருக்கு எழுத்து அப்படித் தொடங்கவில்லை. கூடப் பிறந்தவர்களோடு ஆடிய விளையாட்டாகத் தொடங்கியது. முதல் வாசகர் தங்கை, முதல் கூட்டாளி தம்பி, முதல் ஓவியர் அக்கா. ஏழு வயசுப் பிள்ளை இதைக் கேட்டால் “இது நாமும் செய்யலாமே” என்று நினைக்கும். பெரியவர்கள் எழுதிக் குவித்த நாவல்களின் பட்டியலைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

எந்தக் குடும்பத்தில் ஆரம்பிக்கலாம்?

தயங்காமல் பிரான்டே குடும்பத்தில் ஆரம்பிக்கலாம்.

அப்பா பாட்ரிக் பிரான்டே அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த பாதிரியார். அம்மா மரியா கார்ன்வாலைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள்: மரியா, எலிசபெத், சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். 1820இல் ஹாவொர்த் என்ற மலையூருக்குக் குடிவந்தார்கள். அடுத்த ஆண்டே அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் அக்கா வந்து பிள்ளைகளை வளர்த்தார். நம் முறையில் பெரியம்மா. 1825இல் மூத்த இரண்டு பெண்களும் காசநோயில் போய்விட்டார்கள். மிஞ்சியது நான்கு பேர்: சார்லட், ஒரே பையன் பிரான்வெல், எமிலி, கடைக்குட்டி ஆன்.

1826 ஜூன் மாதம். அப்பா லீட்ஸ் நகரத்துக்குப் போய்வந்தபோது பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மொத்தம் 12. மறுநாள் காலையில் பிரான்வெல் பெட்டியோடு அக்கா தங்கைகளின் அறை வாசலுக்கு வந்து நின்றான். சார்லட்டும் எமிலியும் படுக்கையிலிருந்து துள்ளிக் குதித்தார்கள். சார்லட் ஒரு சிப்பாயைப் பிடுங்கிக்கொண்டு, “இவர்தான் வெல்லிங்டன் பிரபு, இவர் எனக்கு” என்றாள். எமிலி உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தாள். ஆன் எடுத்தது அவளைப் போலவே விசித்திரமான ஒரு குட்டிச் சிப்பாய். பிரான்வெல் தன்னுடையவனுக்கு போனபார்ட் என்று பெயர் வைத்தான். நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர் வெல்லிங்டன். ஆக அக்காவும் தம்பியும் முதல் நாளே எதிரெதிர் அணி!

இதெல்லாம் யாரோ கற்பனை செய்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1829இல், 13 வயதை எட்டும்போது சார்லட்டே எழுதி வைத்தது. படப் புத்தகம் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் காட்சி கிடைக்காது. அதனால்தான் பிரான்டே பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்களில் இந்தப் பெட்டி தவறாமல் வருகிறது.

அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. கண்ணாடி நகரம் உருவானது. நகரத்துக்கு வரைபடம், சட்டம், செய்தி, கவிஞர்கள், சண்டைகள் எல்லாம் வந்தன. அரேபிய இரவுக் கதைகளை வாசித்திருந்ததால் நான்கு பேரும் அந்த உலகத்தைக் காக்கும் பூதங்களாகத் தங்களையே வைத்துக்கொண்டார்கள். டாலி, பிரானி, எம்மி, ஆனி என்று அந்தப் பூதங்களுக்குப் பெயர். இறந்துபோன சிப்பாயை உயிர்ப்பிக்கும் சக்தியும் அவர்களுக்கு இருந்தது. மூத்த அக்காமார் இரண்டு பேரைப் பறிகொடுத்து ஓராண்டே ஆன பிள்ளைகள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட சக்தி அது. அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அந்தக் குட்டிப் புத்தகங்கள் உண்மையா? எவ்வளவு சின்னது?

உண்மைதான். பல புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. சில வெறும் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவு. அச்சு எழுத்து மாதிரியே தெரிய வேண்டும் என்று இறகுப் பேனாவால் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள். சர்க்கரை கட்டி வந்த காகிதம், சுவரில் ஒட்டும் தாள் போன்றவற்றை அட்டையாக வைத்து, ஊசி நூலால் தைத்தார்கள். பொருளடக்கம், விளம்பரம், வெளியிட்டவர் பெயர் எல்லாம் உண்டு. சார்லட் 1829இல் செய்த ஒரு கவிதைப் புத்தகத்தின் முகப்பில், இது யாராலும் விற்கப்படவில்லை, எழுதியவரே அச்சிட்டது என்று கெத்தாகப் போட்டிருக்கிறாள்.

சார்லட் செய்தவற்றில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புத்தகம் தங்கை ஆனுக்காகச் செய்தது. ஆன் என்று ஒரு குட்டிப் பெண் இருந்தாள் என்றுதான் கதை தொடங்குகிறது. சாரா ஓ லியரி எழுதி பிரையனி மே ஸ்மித் படம் வரைந்த ‘தி லிட்டில் புக்ஸ் ஆஃப் தி லிட்டில் பிரான்டேஸ்’ இந்தக் குட்டிப் புத்தகங்களை மையமாக வைத்தே செய்யப்பட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

ஏன் அவ்வளவு சின்னதாகச் செய்தார்கள்?

சிப்பாய்கள் கையில் பிடித்து வாசிக்கும் அளவில் இருக்க வேண்டுமே! அது ஒரு காரணம். அன்று இங்கிலாந்தில் காகிதத்துக்கு வரி இருந்தது, விலையும் அதிகம். அப்புறம், அப்பாவுக்குக் கண்பார்வை மங்கல். பெரியவர்களால் எளிதில் வாசிக்க முடியாத எழுத்தில் இருந்ததால் அந்த உலகம் நான்கு பேருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. ரகசிய மொழி, ரகசியக் கூட்டம் என்று அலையும் வயசுப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது காரணத்தை விளக்கவே வேண்டியதில்லை.

என் வீட்டில் இரண்டு பேரும் ஓயாமல் சண்டை. இந்தப் புத்தகங்களைப் படித்தால் ஒற்றுமையாக இருப்பார்களா?

அதற்காக வாங்க வேண்டாம். பிரான்டே பிள்ளைகளும் சண்டை போட்டவர்கள்தான்.

வீட்டில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1829 ஜனவரியில் ஆரம்பித்தது பிரான்வெல். பிளாக்வுட்ஸ் என்ற பெரியவர்கள் பத்திரிகையைப் பார்த்து அதே மாதிரி செய்தான். அந்த வருஷ நடுவிலேயே அக்கா சார்லட் ஆசிரியர் பொறுப்பைக் கைப்பற்றிவிட்டாள். கதைகளிலும் மோதல் தொடர்ந்தது. அவனுக்குப் போரும் அரசியலும் பிடிக்கும். அவளுக்கு ரகசியங்களும் காதலும். ஒருவர் எழுதியதை மற்றவர் தன் கதையில் கிண்டல் செய்தார்கள், மாற்றினார்கள், மறுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சின்னவர்கள் இரண்டு பேரும் செய்த கலகம். கண்ணாடி நகரத்தில் எப்போதும் மூத்தவர்கள் சொல்வதே நடந்தது. எமிலியும் ஆனும் பார்த்தார்கள். 1831 வாக்கில் தனியாகப் பிரிந்து கோண்டால் என்று சொந்தமாக ஒரு தீவு நாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். பசிபிக் கடலில் இருக்கும் நாடு, ஆனால் தட்பவெப்பம் மட்டும் யார்க்‌ஷயர் மாதிரி. வளர்ந்து பெரியவர்களான பிறகும் அவர்கள் அந்த நாட்டை விடவில்லை. 1845இல் இருவரும் ரயிலில் யார்க் நகரம் போனபோதுகூட வழியெல்லாம் கோண்டால் பாத்திரங்களாக நடித்துக்கொண்டே போனார்கள். எமிலிக்கு அப்போது 26 வயது, ஆனுக்கு 25.

வீட்டில் கடைக்குட்டி இருந்தால் இந்தப் பகுதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

“போர் அடிக்குது” என்று புலம்பும் பிள்ளைக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1827 டிசம்பர் இரவு ஒன்றை சார்லட் எழுதி வைத்திருக்கிறாள். வெளியே பனி. சமையலறையில் கணப்பைச் சுற்றி நான்கு பேர். மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி, வீட்டில் வேலை செய்த டாபி அம்மாளோடு அப்போதுதான் வாக்குவாதம் முடிந்திருக்கிறது. டாபிக்கே வெற்றி, மெழுகுவர்த்தி கிடையாது. நீண்ட மௌனம். பிரான்வெல் சோம்பலாக, “என்ன செய்வதென்றே தெரியவில்லை” என்கிறான். எமிலியும் ஆனும் அதையே சொல்கிறார்கள். டாபி, “போய்ப் படுங்களேன்” என்கிறார். உடனே ஒருவர், “ஆளுக்கு ஒரு தீவு இருந்தால் எப்படி இருக்கும்?” என்று ஆரம்பிக்க, ஆளாளுக்குத் தீவு பிடிக்கிறார்கள். கடிகாரம் ஏழு அடிக்கிறது, படுக்கப் போக வேண்டியதாகிறது. ஆனால் மறுநாளும் ஆட்டம் தொடர்கிறது.

அரை இருட்டு, அலுப்பு, நான்கு பேர். வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அக்காமார் இறந்ததைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மறைக்காமல், சுருக்கமாகச் சொல்லுங்கள். நான்கு பெண்களை கவன் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குளிர், மோசமான சாப்பாடு, கடுமையான நடத்தை. நோயோடு வீடு திரும்பி, மூத்தவள் மரியா 1825 மே மாதமும், எலிசபெத் ஜூன் மாதமும் இறந்தார்கள். மரியாவுக்கு 11 வயது, எலிசபெத்துக்கு 10. சார்லட்டையும் எமிலியையும் அப்பா உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு, “அவங்களுக்கு ரொம்ப உடம்பு முடியாம போச்சு, அப்ப அந்த நோய்க்கு மருந்து இல்ல” என்றால் போதும். அதற்கு மேல் பிள்ளை கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பத்து வயதுக்கு மேல் என்றால் இன்னொன்றும் சொல்லலாம். சார்லட் அந்தப் பள்ளியை மறக்கவில்லை. 1847இல் வந்த ‘ஜேன் ஐர்’ நாவலில் வரும் லோவுட் பள்ளி அதுதான். அங்கே பொறுமையாக எல்லாவற்றையும் தாங்கி இறந்துபோகும் ஹெலன் பர்ன்ஸ் அவளுடைய அக்கா மரியாதான். அக்காவுக்கு நடந்ததைத் தங்கை 22 வருஷம் மனசில் வைத்திருந்து உலகத்துக்குச் சொன்னாள்.

இந்த இரண்டு அக்காமாரையும் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் “நான்கு பிள்ளைகள் இருந்தார்கள்” என்று தொடங்கும் புத்தகத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பிரான்வெல் பின்னால் குடிக்கு அடிமையானார் என்கிறார்களே. அவரைப் பற்றி என்ன சொல்வது?

உண்மைதான். குடி, அபின் இரண்டும் அவரைச் சாய்த்தன. 1848 செப்டம்பரில் 31 வயதில் இறந்தார். குழந்தைப் பருவக் கதையில் இதைப் பெரிதாக இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை வெறும் “கெட்டுப்போன தம்பி” ஆக்குவது அநியாயம். சிப்பாய்கள் அவருடையவை, பத்திரிகை அவர் ஆரம்பித்தது. கூட விளையாட யாரையும் சேர்க்காமல் பெட்டியைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை.

அவர் 17 வயது வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. மூன்று சகோதரிகள் நிற்கிறார்கள், நடுவில் ஒரு தூண். உற்றுப் பார்த்தால் தூணுக்குள் மங்கலாக ஓர் ஆள் தெரிகிறார். அது பிரான்வெல். தன்னைத் தானே வரைந்துவிட்டு மேலே வர்ணம் பூசி மறைத்திருக்கிறார். மடித்துப் போட்டிருந்த அந்த ஓவியம் 1914இல் ஓர் அலமாரியின் மேலிருந்து கிடைத்தது. மடிப்புக் கோடுகள் இன்றும் தெரியும். படத்தைக் காட்டி, “இதில் எத்தனை பேர்?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணாடி நகரம் ஆப்பிரிக்காவில் இருந்ததாமே?

ஆமாம், இதைப் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் 12 சிப்பாய்களும் மேற்கு ஆப்பிரிக்காவில் கப்பல் விட்டு இறங்கி, அங்கே வாழ்ந்த அஷாந்தி மக்களோடு போரிட்டு, நகரம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பத்திரிகைகளிலும் நிலவியல் புத்தகங்களிலும் பேரரசு பற்றிய செய்திகள் நிறைந்திருந்தன. படித்ததையே விளையாடினார்கள். பல படப் புத்தகங்கள் இதைத் தொடாமல் “கற்பனை நாடு” என்று கடந்துபோகின்றன. பேரரசு ஆண்ட நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளோடு வாசிக்கும்போது நான் கடந்துபோவதில்லை. “அந்த ஊர்ல முன்னாடியே இருந்தவங்க என்ன நினைச்சிருப்பாங்க?” என்று கேட்டால் எட்டு வயசுப் பிள்ளை தெளிவாகப் பதில் சொல்லும்.

இந்தப் புத்தகங்களில் வரும் உரையாடல் எல்லாம் உண்மையில் பேசியதா?

எல்லாம் இல்லை. அதனால் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் குறிப்பை முதலில் படியுங்கள். எதை எங்கிருந்து எடுத்தார்கள், எது கற்பனை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை நம்பலாம்.

பிரான்டே விஷயத்தில் பிள்ளைகளே எழுதியது ஏராளம் என்பதால் கற்பனைக்குத் தேவை குறைவு. எமிலியும் ஆனும் சேர்ந்து 1834 நவம்பர் 24 அன்று எழுதிய ஒரு தாள் இருக்கிறது. சார்லட் ஆப்பிள் புட்டிங் செய்வதற்காக இவர்கள் இருவரும் ஆப்பிள் தோல் சீவியது, இன்னும் படுக்கையை மடிக்காதது, சங்கீதப் பயிற்சி செய்யாதது, டாபி வந்து “உருளைக்கிழங்கு உரிக்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறாய்” என்று விரட்டியது எல்லாம் அதில் வரிசையாக வருகிறது. அதற்கு நடுவிலேயே, கோண்டால் மக்கள் புது நாட்டின் உட்பகுதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தியும். உருளைக்கிழங்கும் கோண்டாலும் அவர்களுக்கு ஒரே வாழ்க்கை.

வேறு சில சம்பவங்கள் பெரியவர்கள் பின்னால் நினைவிலிருந்து சொன்னவை. அப்பா ஒரு முகமூடியைக் கொடுத்து, அதன் பின்னாலிருந்து பயமில்லாமல் பதில் சொல்லச் சொன்ன கதை பிரபலம். உன்னைப் போன்ற குழந்தைக்கு மிகவும் தேவையானது எது என்று கேட்டதற்கு நாலு வயசு ஆன், “வயதும் அனுபவமும்” என்றாளாம். அழகான கதை. ஆனால் அப்பா இதைச் சொன்னது பிள்ளைகள் எல்லோரும் இறந்த பிறகு, எலிசபெத் காஸ்கெல் என்ற எழுத்தாளர் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது. 1857இல் வந்த அந்த நூல்தான் ஹாவொர்த் வீட்டைச் சோகம் அப்பிய, உலகத்திலிருந்து ஒதுங்கிய இடமாகக் காட்டியது. 1994இல் ஜூலியட் பார்க்கர் எழுதிய பெரிய குடும்ப வரலாறு இதைப் பெரிதும் திருத்தியது. ஊர் ஆலைகளோடு பரபரப்பாக இருந்தது, அப்பா பாசமானவர், பிள்ளைகள் ஆட்டமும் பாட்டமுமாக வளர்ந்தார்கள். ஆகவே புரட்டிப் பார்க்கும்போது எல்லாப் பக்கமும் சாம்பல் நிறத்தில், பிள்ளைகள் முகம் வாடியே இருந்தால், அந்த ஓவியர் பழைய கதையை நம்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஜேன் ஆஸ்டின் பற்றி?

இவரும் இங்கிலாந்து நாவலாசிரியர். வீடு நிறைய ஆட்கள் இருந்த குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் ஆறு ஆண், இரண்டு பெண். ஸ்டீவன்டன் ஊரில் அப்பா பாதிரியார், வீட்டிலேயே பையன்களுக்குப் பள்ளியும் நடத்தினார். களஞ்சியக் கொட்டகையில் நாடகம் போடுவார்கள். அக்கா கசாண்ட்ராவும் ஜேனும் பிரியவே மாட்டார்கள். கசாண்ட்ராவின் தலையை வெட்டப் போகிறார்கள் என்றால் தன் தலையையும் வெட்டச் சொல்லி ஜேன் போய் நிற்பாள் என்பாராம் அவர்கள் அம்மா.

1791இல், 16 வயது நிறையும் முன்பே ஜேன் ஓர் “இங்கிலாந்து வரலாறு” எழுதினாள். எழுதியவர் ஒருதலைப்பட்சமான, பாரபட்சமான, விஷயம் தெரியாத வரலாற்றாசிரியர் என்று முகப்பிலேயே அறிவிப்பு. இதில் தேதிகள் மிகக் குறைவு என்று ஒரு குறிப்பு வேறு. அரசர்கள், அரசிகளின் படங்களை வட்ட வட்டமாக வரைந்து கொடுத்தது கசாண்ட்ரா, மொத்தம் 13. வரலாற்றுப் பாடத்தில் தேதி மனப்பாடம் செய்து நொந்துபோன பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள், விழுந்து விழுந்து சிரிக்கும். டெபோரா ஹாப்கின்சன் எழுதி சின் லெங் படம் வரைந்த ‘ஆர்டினரி, எக்ஸ்ட்ராஆர்டினரி ஜேன் ஆஸ்டின்’ நல்ல தொடக்கம். மெல்லிய கோடு, நீர்வண்ணம், கூட்டமான வீடு.

ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்டின் பிள்ளைகளில் இரண்டாமவர் ஜார்ஜ். குறைபாட்டோடு பிறந்தவர். வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வெளியே வளர்ந்தார். ஜேனைவிட 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். குழந்தைகளுக்கான புத்தகங்களில் அவர் பெயர் அரிதாகவே வரும். அப்படி ஓர் அண்ணனோ தம்பியோ இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது ஒரு வரி எழுதலாம். புத்தகத்தில் இல்லாவிட்டால் வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

லூயிசா மே ஆல்காட்?

‘லிட்டில் விமன்’ நாவலை எழுதியவர். அமெரிக்காவின் கான்கார்ட் ஊர், நான்கு சகோதரிகள்: ஆனா, லூயிசா, எலிசபெத், மே. அக்கா ஆனாவும் லூயிசாவும் நாடகம் எழுதி வீட்டிலேயே நடித்தார்கள். கடைசித் தங்கை மே சுவரிலேயே வரைவாள், அப்பா அம்மா தடுக்கவில்லை. ஆர்ச்சர்ட் ஹவுஸ் என்ற அந்த வீட்டுச் சுவர்களில் அவள் படங்கள் இன்னும் இருக்கின்றன. 1868இல் நாவல் வந்தபோது முதல் பதிப்புக்குப் படம் வரைந்தது அவள்தான். விமர்சகர்களுக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிச் சம்பாதித்த பணத்தில் லூயிசா தங்கையை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓவியம் படிக்க வைத்தாள்.

எந்த வயதுக்கு ஏற்றது?

ஐந்து வயதிலிருந்து வாசித்துக் காட்டலாம். தாங்களே படிக்க எட்டு, ஒன்பது. ‘ஜேன் ஐர்’ படிக்கப் போகிற 13 வயதுக்காரர்களும் முதலில் இந்தப் படப் புத்தகங்களைப் படிப்பது நல்லது. கூச்சப்படத் தேவையில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மைக்கேல் பெடார்டின் ‘கிளாஸ் டவுன்’ ஏற்றது. அதில் சொற்கள் அதிகம், ஓவியங்கள் தைல வண்ணச் சாயலில் ஆழமாக இருக்கும்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, என் பிள்ளைக்குத் தமிழில் சொன்னால்தான் புரியும்?

தமிழிலேயே சொல்லுங்கள். வரிக்கு வரி மாற்றிச் சொல்லத் திணற வேண்டாம். முந்தின நாள் நீங்கள் ஒருமுறை படித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பி, படத்தைக் காட்டி, உங்கள் பேச்சில் கதை சொல்லுங்கள். பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். யார் அக்கா, யார் தம்பி என்று முதல் பக்கத்திலேயே முறை சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் குழப்பம் வராது.

ஒரே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது பொருந்துமா? ஏக்கம் வந்துவிடாதா?

வரலாம். அதை மறுக்க வேண்டாம். சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமா பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் தோழி, யாரோடும் ஒரு நாடு கட்டலாம். நான்கு பேரும் ஒரே வயிற்றில் பிறக்க வேண்டும் என்று அந்த விளையாட்டில் விதி இல்லை. யாரும் கிடைக்காத நாளில் நீங்கள் போய் உட்காருங்கள், ஆனால் பிள்ளை சொல்கிற தீவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குட்டிப் புத்தகம் செய்வது எப்படி?

ஏ4 தாளைப் பாதியாகக் கிழியுங்கள். ஒரு பாதியை எடுத்து, ஒவ்வொரு முறையும் நீளப் பக்கம் பாதியாகும்படி மூன்று முறை மடியுங்கள். ஏழரைக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வரும், கிட்டத்தட்ட சீட்டுக் கட்டு அளவு. கடைசியாக மடித்த ஓரம்தான் முதுகு. அதில் மூன்று ஓட்டை போட்டு நூலால் தைத்து, மீதி மடிப்புகளைக் கத்தரியால் பிரித்துவிட்டால் 16 பக்கப் புத்தகம். தைப்பதற்கு முன்பே பழைய நாள்காட்டித் தாளையோ மளிகைக் கடைக் காகிதப் பையையோ வெட்டி மேலே அட்டையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஊசி வேலை பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

பென்சிலை நன்றாகச் சீவிக் கொடுங்கள். என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். சார்லட் தங்கை பெயரையே பிழையாகத்தான் எழுதியிருக்கிறாள். பொம்மைக்கு ஏற்ற அளவில் செய்யச் சொன்னால் இன்னும் உற்சாகம் வரும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் எழுதட்டும், மற்றவர் வரையட்டும், அடுத்த புத்தகத்தில் மாற்றிக்கொள்ளட்டும்.

உண்மையான குட்டிப் புத்தகங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். ஹாவொர்த்தில் அவர்கள் வாழ்ந்த பாதிரியார் இல்லமே 1928 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 14 வயது சார்லட் 1830இல் செய்த பத்திரிகைத் தொடரில் அந்த அருங்காட்சியகத்திடம் இல்லாத ஓர் இதழ், 2019 நவம்பரில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. பொதுமக்களும் பணம் கொடுத்து உதவ, 6 லட்சம் யூரோ விலையில் ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். படுக்கைத் திரைச்சீலை தீப்பிடிக்கும் காட்சி ஒன்று அதில் வருகிறது. ‘ஜேன் ஐர்’ படித்தவர்களுக்கு அது எங்கே திரும்ப வருகிறது என்று தெரியும். 2022இல், நான் மேலே சொன்ன 1829 கவிதைப் புத்தகமும் பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டு அதே அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது.

இங்கிலாந்து போகாமலும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்பது குட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை ஒளிப்படம் எடுத்து இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்து எழுத்தாக வாசிக்க முடியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து உண்மையான அளவு எவ்வளவு என்று பிள்ளைக்குக் காட்ட மறக்காதீர்கள்.